கட்டி முடியாத வீடு

வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் தினமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப முடியும்?" ஆடி முடியட்டும் என்பார் அவர். பிறகு மழை ஓயட்டும் என்பார். அதற்கும் பிறகு, மணல் லாரி வரட்டும் என்பார். திருவனந்தபுரத்தின் புறநகரான நாலாஞ்சிறாவில், பாறைச் சரிவு ஒன்றில் நிற்கும் வீட்டில் மட்டும் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கவில்லை. 1970 வாக்கில் சின்னதாகத் தொடங்கிய வீடு அது. தேவை வந்தபோது ஓர் அறை, பழைய மரம் கிடைத்தபோது ஒரு கதவு, கை சும்மா இருந்தபோது ஒரு சுவர் என்று வருடக்கணக்கில் வளர்ந்தது. முடிக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டின் பெயர் 'தி ஹேம்லெட்'. டென்மார்க் இளவரசனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குக்கிராமம் என்பதுதான் அர்த்தம். வீட்டுக்காரர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 1989-ல் இந்தியக் குடிமகனாகி, அடுத்த ஆண்டே பத்மஸ்ரீ பெற்ற கட்டிடக் கலைஞர். சிக்கன வீட்டைப் பற்றிப் பேச இந்த நாட்டில் ஆட்களுக்குக் குறைவே இருந்ததில்லை. கருத்தரங்கில் மண் சுவரின் மகிமையைச் சொல்லிவிட்டு மாலையில் மார்பிள் தரைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. பேக்கர் எந்தச் செங்கலை ஏழைக்குச் சிபாரிசு செய்தாரோ அதே செங்கலுக்குள்தான் மனைவி, மக்களோடு குடியிருந்தார். அவர் சொன்னதைக் கேரளம் காது கொடுத்துக் கேட்டதற்கு இது பாதிக் காரணமாவது இருக்கும்.

அந்தப் பாறைச் சரிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழி நீளமானது. 1937-ல் பர்மிங்ஹாமில் கட்டிடக் கலைப் படிப்பை முடித்த இளைஞரை யுத்தம் சீனாவுக்குக் கொண்டுபோனது. துப்பாக்கியோடு அல்ல. குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில், மயக்க மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவராக. காயம்பட்டவர்களைக் கவனித்தார்; பிறகு தொழுநோயாளிகளைக் கவனித்தார். உடம்பு கெட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகச் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கப்பல் நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அங்கேதான் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கண்ணில் முதலில் பட்டது பேக்கரின் முகமல்ல, காலணி. கிழிசல் துணிகளை அடுக்கித் தைத்த சீனத்துச் செருப்பு அது. குப்பையில் போக வேண்டியதைக் காலில் போட்டுக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரரிடம் காந்திக்குச் சுவாரசியம் பிறந்ததில் வியப்பில்லை. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருட்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பார் பேக்கர். ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். இத்தாலியிலிருந்து மார்பிளும் குஜராத்திலிருந்து டைல்ஸும் வந்து இறங்கும் இன்றைய வீட்டு வாசலில் நின்று இதை நினைத்துப் பார்க்கலாம்.

1945-ல் அவர் மறுபடி இந்தியா வந்தார், தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டிடம் போட்டுக்கொடுக்கும் வேலையோடு. மிஷனரிகளின் பங்களா வாழ்க்கையும் வேலைக்காரர் பட்டாளமும் ஒத்துவரவில்லை. ஃபைசாபாத்தில் ஒரு மலையாள டாக்டரின் வீட்டில் போய்த் தங்கினார். அந்த டாக்டரின் சகோதரி எலிசபெத்தும் டாக்டர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டு குடும்பங்களுக்கும் பிடிக்கவில்லை. ஓடிப்போகவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை, காத்திருந்தார்கள். அபூர்வமாகத்தான் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1948-ல் கல்யாணம்.

தேனிலவுக்குப் போன இடம் இமயமலையில் பித்தோராகர். புதுப்பெண் டாக்டர் என்ற செய்தி அவர்களைவிட வேகமாக மலையேறியிருக்கிறது. வாசலில் நோயாளிகள் கூட்டம். சுற்றுவட்டாரத்தில் வேறு டாக்டர் இல்லை. நாலு நாள் பார்த்துவிட்டுக் கிளம்புவதற்குப் போனவர்கள், மலைச்சரிவில் ஒரு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் கட்டிக்கொண்டு 1963 வரை அங்கேயே இருந்துவிட்டார்கள். மனைவி டாக்டர்; கணவர் மயக்க மருந்து கொடுப்பவர், கட்டுப் போடுபவர், மேஸ்திரி, தச்சர். தேனிலவு இவ்வளவு நீண்ட தம்பதி வேறு இருக்கிறார்களா தெரியவில்லை.

பேக்கரின் உண்மையான கல்லூரி அந்த மலைதான். பர்மிங்ஹாமிலிருந்து கொண்டுவந்த பாடப் புத்தகங்களில் செம்மண்ணும் சாணமும் கிடையாது. குமாவுன் மலைவாசிகளோ புத்தகம் இல்லாமலே கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கல்லில் சுவர், பலகைக் கல்லில் கூரை, கீழே மாடு, மேலே மனிதர்கள். மாட்டின் உடம்புச் சூடு மேலே இருப்பவர்களுக்குக் குளிர் காய உதவும். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் அப்படிக் கட்டுகிறார்கள் என்றால் காரணமில்லாமல் இருக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். படித்த கட்டிடக் கலைஞருக்கு இது லேசான காரியமல்ல. ஒப்புக்கொண்ட பிறகு எங்கே போனாலும் முதலில் அந்த ஊர்க் கிழவர்கள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

1963-ல் எலிசபெத்தின் சொந்த மாநிலமான கேரளம். முதலில் வாகமண் மலை, மறுபடி ஆஸ்பத்திரி. 1969-ல் திருவனந்தபுரம். அப்போது பேக்கருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரும்பாலான கட்டிடக் கலைஞர்கள் பெயரெடுத்து முடித்துவிடும் வயதில் அவருடைய பெயர் கேரளத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கேரளத்துக்குள்ளும் அதிகம் தெரியாது.

குடியேறிய இடமோ, ரியல் எஸ்டேட்காரர்கள் தலையாட்டாத இடம். செங்குத்தான சரிவு, பாறை, தண்ணீருக்குத் திண்டாட்டம். வேறு யாராவது என்றால் புல்டோசரை வரவழைத்துச் சமதளமாக்கி, தடுப்புச் சுவர் எழுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு அந்தச் சுவருக்கே போயிருக்கும். பேக்கர் சரிவைச் சரிவாகவே விட்டார். அறைகள் படிப்படியாக ஏறின, இறங்கின. மரம் குறுக்கே வந்தால் வீடுதான் வளைந்துகொடுத்தது. முற்றத்தில் வெளிக்காற்றில் உட்கார்ந்து குடும்பம் சாப்பிட்டது. மின்சார ஒயர்களைச் சுவருக்குள் புதைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி ஓடின. ஒயர் பழுதானால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு அறையில் ஃபியூஸ் போய், எலெக்ட்ரீஷியன் வந்து உளியால் சுவரைக் குத்திவிட்டுப் போனதைப் பார்த்த எவருக்கும் இதன் அருமை புரியும்.

கதவு, ஜன்னல், தூண்களுக்கு வந்த மரத்துக்கும் ஒரு கதை உண்டு. எழுபதுகளில் வளைகுடாப் பணம் கேரளத்துக்குள் பாயத் தொடங்கியது. வந்த பணம் முதலில் வீட்டில் இறங்கியது. பாட்டன் காலத்து ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு கான்கிரீட் வீடுகள் எழுந்தன. நூறு வருஷத்துப் பலாவும் தேக்கும், ஆசாரி உளி வைத்துச் செதுக்கிய உத்தரமும் நிலைப்படியும் விறகு விலைக்குப் போயின. ஊர் வெளியே எறிந்ததைப் பேக்கர் உள்ளே கொண்டுவந்தார். உடைந்த ஓடு, கண்ணாடி பாட்டில், பீங்கான் துண்டு எதுவும் அவர் கண்ணில் குப்பையாகப் படவில்லை. துணிச்செருப்பு போட்டவர் அல்லவா?

இந்த இடத்தில் நம் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. நடுத்தர வர்க்கத்துக்கு வீட்டைப் புதுப்பிப்பது என்றால் இடித்து எறிவது. சிவப்புச் சிமென்ட் தரை மேல் மொசைக் வந்தது. மொசைக்கை மார்பிள் மூடியது. மார்பிள் மேல் பளபளக்கும் டைல்ஸ். டெல்லியிலோ மும்பையிலோ ஒரு பழைய ஃபிளாட்டின் தரையைத் தோண்டினால், கீழடிக்காரர்களைப் போல அடுக்கடுக்காகக் காலம் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பி.எஃப். கடன். இதில் ஒழுகலை நிறுத்துவதற்காகச் செய்தது எவ்வளவு, எதிர் ஃபிளாட்டில் செய்துவிட்டார்கள் என்பதற்காகச் செய்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் குடும்பத்தில் சண்டை வரும்.

பேக்கர் போட்ட கணக்கு வேறு மாதிரி. ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கலைப் படுக்கவைத்து அடுக்குவது வழக்கம். அவர் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினார், நடுவே இடைவெளி விட்டு. எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். சுவரின் கனம் அதேதான். செங்கல் மட்டும் சுமார் கால்வாசி மிச்சம். பத்தாயிரம் கல் இழுக்கும் வீட்டை ஏழாயிரத்து ஐந்நூறில் முடிக்கலாம். நடுவில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது. எலிப்பொறிக் கட்டு பேக்கரின் கண்டுபிடிப்பு அல்ல. அவர் ஊரில் ஏற்கெனவே இருந்ததுதான். இங்கே எத்தனையோ சிவில் என்ஜினீயர்களுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்ததை ஒரு கிளார்க்கின் வீட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தது அவர்.

கூரையிலும் அதே குணம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கான்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வேலை செய்யாதவருக்குச் சம்பளம் எதற்கு என்று, அந்த இடத்தில் கழித்துப்போட்ட மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து நிரப்பினார். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, வீட்டுக்குள் குளிர்ச்சி. கீழேயிருந்து பார்த்தால் ஓட்டின் அழகு வேறு. ஜன்னல் என்றால் நிலை, சட்டம், கண்ணாடி, கம்பி, கொண்டி என்று சுவரைவிடப் பல மடங்கு செலவு. வெளிச்சமும் காற்றும்தானே வேண்டும்? செங்கலை விட்டுவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவரே போதும். சதுர அறைக்குப் பதில் வட்ட அறை ஏன்? நூறு சதுர அடியைச் சதுரமாக வளைக்க நாற்பது அடிச் சுவர் வேண்டும்; வட்டமாக வளைக்க முப்பத்தைந்தரை அடி போதும். பீரோவை எங்கே வைப்பது என்று கேட்டால், உட்காருவதற்கும் சாமான் வைப்பதற்கும் சுவரிலேயே திட்டு கட்டிக்கொடுத்தார்.

இதற்கெல்லாம் ஆபீஸ் ஒன்றும் கிடையாது. செக்ரட்டரி கிடையாது. ஒரு பக்கம் எழுதிய தாள்களின் மறுபக்கத்தில் வரைபடம். எந்தத் தாளில் வரைந்தாலும் இறுதி முடிவு கட்டுமிடத்தில் கொத்தனாரோடு நின்று எடுப்பதுதான். சாதாரண மனிதர் புரிந்துகொள்ளட்டும் என்று கையாலேயே எழுதி, படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வெளியிட்டார். தேவையில்லாததைக் கேட்டால் கட்டித் தர மறுக்கவும் செய்தார். பணக்காரர் என்பதற்காக யாரும் வீணடிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. சிக்கனம் ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குவதே அவருக்குப் பிடிக்காத விஷயம். பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ், உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தையே அவரிடம் ஒப்படைத்தார். பொருளாதாரம் படித்தவர்கள் குறைந்தபட்சம் தங்கள் கட்டிடத்திலாவது கணக்குப் பார்த்தார்கள். முதலமைச்சராக இருந்த அச்சுத மேனன், பின்னர் 1985-ல் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பில் பேக்கரோடு சேர்ந்துகொண்டார். குறைந்த செலவில் வீடு கட்டும் அந்த முறையில் நூற்றுக்கணக்கான கொத்தனார்களும் இளம் என்ஜினீயர்களும் பழகியது அங்கேதான்.

அப்படியானால் நாடு முழுவதும் ஏன் பேக்கர் வீடுகளாக இல்லை?

ஒரு காரணம் எளிது. எலிப்பொறிக் கட்டுக்கு விளிம்பு உடையாத நல்ல கல் வேண்டும், கை பழகிய கொத்தனார் வேண்டும். பூச்சு இல்லாத சுவரில் தப்பை மறைக்க முடியாது. பொருளில் மிச்சம் பிடித்ததைக் கூலியாகக் கொடுக்க வேண்டும்; பணம் உள்ளூர்த் தொழிலாளியிடம் போகட்டும் என்பதுதான் பேக்கரின் நோக்கமும். கூலி ஏற ஏற அந்தக் கணக்கு இறுகுகிறது. கேரளத்து மழையில் வெறும் செங்கலில் பாசி படியும். ஜாலிச் சுவர் காற்றை விடும், கொசுவையும் விடும். ஒட்டடை அடிக்கிறவரிடம் கேட்டால் அழகைப் பற்றி வேறு அபிப்பிராயம் கிடைக்கலாம். செங்கல்லிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. அதற்கு வயல் மண்ணைத் தோண்ட வேண்டும், சூளையில் விறகு எரிக்க வேண்டும். இதைப் பேக்கரும் அறிந்திருந்தார். பின்னாளில் சுடாத மண்ணையும் மூங்கிலையும் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார்.

இன்னொரு காரணம் மனசில் இருக்கிறது. நம் ஊர்களில் பூசாத சுவர் என்றால் பாதியில் நின்றுபோன வீடு. கையில் காசு தீர்ந்துவிட்டது என்று தெருவுக்கே அறிவிக்கும் சுவர். தலைமுறையாகக் குடிசையில் இருந்துவிட்டு முதல் தடவையாகக் கல் வீடு கட்டுகிறவரிடம், பூச்சும் பெயின்ட்டும் வேண்டாம், செங்கலின் நிறமே அழகு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. பட்டு வேட்டியை ஒதுக்கிவிட்டுக் கதர் கட்ட, பட்டு வேட்டி வீட்டில் இருக்க வேண்டும். மண் வீட்டைப் பணக்காரர் கட்டினால் பத்திரிகையில் படம் வரும். ஏழை கட்டினால் சர்க்கார் கணக்கில் அது கச்சா வீடு. தன் முறைகள் 'ஏழைகளுக்கான திட்டம்' என்று முத்திரை வாங்கிவிடக்கூடாது என்று பேக்கர் போராடியது இதனால்தான். அமைச்சர் முதலில் அப்படி ஒரு வீட்டில் குடியிருக்கட்டும், பிறகு குடிசைவாசிக்குச் சொல்லலாம்.

அந்த வகையில் நாலாஞ்சிறா வீடு அவருடைய வாதத்தில் மிக வலுவான பகுதி. வருகிறவர்கள் பார்த்தது கண்காட்சி மாதிரியை அல்ல. மூன்று பிள்ளைகள் வளர்ந்த வீட்டை, டாக்டர் மனைவி வேலை முடிந்து திரும்பும் வீட்டை. பித்தோராகரின் குளிரில் ஒருமுறை, வாகமண் மலையில் ஒருமுறை என்று எலிசபெத் குடித்தனத்தை மூட்டை கட்டி அவிழ்த்தவர். கடைசியில் கிடைத்த நிலையான வீடும் வளர்ந்துகொண்டே இருக்கும் வீடு. கணவரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு, லாரி பேக்கரின் மறுபக்கம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். புகழ்பெற்ற கணவர்களின் மறுபக்கத்தைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

2007 ஏப்ரல் 1 அன்று, தொண்ணூறாவது வயதில், பேக்கர் திருவனந்தபுரத்தில் காலமானார். 2011-ல் எலிசபெத்தும் போய்விட்டார்.

நாலாஞ்சிறா வரை போக நேரமில்லாதவர்களுக்கு ரயிலடி எதிரிலேயே ஒன்று இருக்கிறது. தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் உருளையாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடியும் இல்லை, மாடிப்படியும் இல்லை. வாசலில் தொடங்கும் தரை நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டுமானத்திலேயே அமைந்த மேஜையும் பெஞ்சும். சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னத் திறப்புகள். அவற்றின் வழியே வெளிச்சம் துண்டு துண்டாக விழுகிறது. தலையில் விசிறி மடிப்பு வைத்த பணியாளர்கள் தட்டோடு சரிவில் ஏறி இறங்குகிறார்கள். தரை சாய்ந்திருந்தாலும் மேஜை சாயவில்லை, காபி சிந்துவதில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பம் மசால் தோசைக்குச் சொல்லியிருக்கிறது. குழந்தை மட்டும் உட்கார மறுத்து, மேலேயிருந்து கீழே ஓடுகிறது, மறுபடி ஏறுகிறது.